பூட்டுப் போடாத சுவிட்சு

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். ஓர் ஆலையின் நிர்வாகத்தில் பெரிய பதவி வகிப்பவர். எதிரே காப்பி ஆறிக் கொண்டிருந்ததைக்கூடக் கவனியாமல், தம் ஆலைக்கு வரப் போகும் அதிசயத்தை வர்ணிக்கத் தொடங்கிவிட்டார். மோட்டாருக்கு மோட்டார் சென்சார் பொருத்தப் போகிறார்களாம். ஒன்று உஷ்ணத்தைப் பார்க்கும். ஒன்று அதிர்வைக் கேட்கும். இன்னொன்று எண்ணெயின் அழுத்தத்தை அளக்கும். எல்லாம் ஒரே வலையில் கோக்கப்பட்டு, அளந்ததை அவ்வப்போது கம்ப்யூட்டருக்கு அனுப்பிக் கொண்டே இருக்கும். பேரிங் தேய்ந்து உடைவதற்கு முன்பே, மாற்றச் சொல்லி எச்சரிக்கை வந்துவிடும்.

"இனிமேல் விபத்து என்ற பேச்சே கிடையாது, ஸார்!" என்றார்.

எச்சரிக்கை வரும் என்பதை நம்புகிறேன். ஸ்குரூ டிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டு, "இது பத்து நாள் தாங்காது" என்று சொல்லும் பழைய பிட்டர்களை நானும் பார்த்திருக்கிறேன். சென்சார் அந்தக் காதைவிடக் கூர்மையானது. தூங்காது. சம்பள உயர்வு கேட்காது. (நிர்வாகிகளை மயக்கியது இந்தக் கடைசிக் குணம்தான் என்பது என் சந்தேகம்.)

விபத்தே கிடையாது என்பதைத்தான் ஒப்ப மாட்டேன்.

2005-ஆம் ஆண்டு டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. லண்டனுக்கு வடக்கே பன்ஸ்பீல்டு என்ற இடத்தில் எண்ணெய்க் கிடங்கு ஒன்று. அங்கே 912-ஆம் எண் தொட்டியில் குழாய் வழியே பெட்ரோல் ஏறிக் கொண்டிருந்தது. மட்டத்தை அளக்கும் கருவி தொட்டியில் இருந்தது. அது சொல்வதைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே திரையில் பார்க்கலாம். அதிகாலை மூன்று மணி சுமாருக்குக் கருவி சிக்கிக் கொண்டது. தொட்டியில் பெட்ரோல் ஏறியது. திரையில் கோடு ஏறவில்லை. கருவி கைவிட்டால் காப்பாற்றுவதற்கென்றே உச்சியில் தனியாக ஒரு சுவிட்சு வைத்திருந்தார்கள். அது வேலை செய்ய வேண்டுமானால், அதன் நெம்புகோலை ஒரு சிறு பூட்டுப் போட்டு நிலையில் நிறுத்த வேண்டும். பூட்டு எதற்கென்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை, போடாமலே விட்டுவிட்டார்கள்.

பெட்ரோல் வழிந்தது. ஆவி மேகமாகப் பரவிக் காலை 6.01-க்கு வெடித்தது. 43 பேருக்குக் காயம். விடுமுறை நாளின் விடியற்காலை, ஆகவே உயிர்கள் பிழைத்தன. பிறகு விசாரித்தபோது தெரிந்த சங்கதி என்ன? அந்தக் கருவி ஆகஸ்டு முடிவிலிருந்து அன்றுவரை 14 முறை சிக்கியிருக்கிறது! வாயில்லாக் கருவி தன் நோயை 14 முறை காட்டிவிட்டது. தொட்டியை மூடுங்கள் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

நம் நாட்டிலும் நடந்தது. 2020 மே 7-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் தொட்டியிலிருந்து ஆவி கசிந்து 12 பேர் மாண்டார்கள். அந்தத் தொட்டியில் உஷ்ணத்தை அளக்கும் கருவி அடிப்பாகத்தில்தான் இருந்தது. மேலே சூடேறுவதை அது எப்படி அறியும்? கருவி பொய் சொல்லவில்லை. வைத்த இடம் தப்பு. வைத்தவர் மனிதர்.

"அதெல்லாம் தனித்தனிக் கருவி. எங்களுடையது ஒன்றோடொன்று பேசிக் கொள்ளும்" என்றார் நண்பர்.

பேசட்டும். ஆயிரம் கருவிகள் ஒரே சமயத்தில் மணி அடித்தால், காவலிருப்பவன் முதலில் கற்றுக் கொள்வது மணியை நிறுத்தும் பொத்தானைத்தான். அதுவும் போகட்டும். இவ்வளவு பணம் கொட்டி இவற்றை வாங்குகிறவர்கள், பழுது பார்க்கும் பகுதியில் ஆட்களைக் குறைக்கப் போவதாகவும் அதே மூச்சில் சொன்னார்கள். காது வாங்கிக் கையை விற்பது என்ன கணக்கு?

நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "இரவு ஷிப்டில் மூன்று மணிக்குத் திரை சிவப்பாகிறது. அங்கே நிற்கிற தொழிலாளி யாரையும் கேட்காமல் யந்திரத்தை நிறுத்தலாமா?"

"அதெப்படி ஸார்? மானேஜருக்குப் போன் பண்ணாமல் நிறுத்தினால் உற்பத்தி என்ன ஆவது?" என்றார்.

காப்பி அதற்குள் ஆடை கட்டியிருந்தது.