செல்லோ யாருடையது?

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கவுண்ட்டரை மூடிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். "என்னய்யா இது, பிடிலா? உங்களுக்கெல்லாம் பறைதானே!" என்றார். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார். ஆபீசில் நல்ல மனுஷன்னு பேரெடுத்தவர்.

அது பிடில் இல்லை, செல்லோ. பிடில் குடும்பம்தான். ஆனால் பெரிசு. தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லால் இழுக்க வேண்டும். அடித்தொண்டைக் குரல். நான் கேட்டுக்கொண்டிருந்தது, செல்லோவுக்கும் பியானோவுக்குமாக ஜார்ஜ் வாக்கர் 1957இல் எழுதிய சொனாட்டா.

வாக்கர் (1922-2018) அமெரிக்கக் கறுப்பர். அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி அடிமையாகப் பிறந்தவர். பாட்டியின் முதல் கணவரை மாட்டை விற்பதுபோல விற்றுவிட்டார்கள். பேரன் கர்ட்டிஸ் இசைக்கல்லூரியில் படித்து, 1945இல் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவோடு ராக்மனினாவின் மூன்றாவது பியானோ கான்சர்ட்டோவை வாசித்தார். அவ்வளவு திறமை இருந்தும் கச்சேரி வாய்ப்புகளுக்கு நிறம் குறுக்கே நின்றது. கறுப்பனா, ஜாஸ் வாசி என்கிற உலகம் அது. இசைக்கான புலிட்சர் பரிசு அவரிடம் வர 1996 ஆயிற்று. அதைப் பெற்ற முதல் கறுப்பின இசையமைப்பாளர் அவர்தான். அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

இந்தச் சொனாட்டாவில் மூன்று பகுதிகள். முதல் பகுதியில் பியானோ ஓயாமல் அலைக்கழிகிறது. அதன் மேலே செல்லோ நீளமாகப் பாடிக்கொண்டு போகிறது. நடுப்பகுதி நிதானம். எங்கேயும் சாட்டைச் சத்தம் இல்லை, சங்கிலிச் சத்தம் இல்லை. 'இதில் கறுப்பு எங்கே, விடுதலை எங்கே?' என்று ஒரு தோழர் கேட்டார். தோழர் கோபிக்கக் கூடாது. சீட்டுக்காரர் கேட்டதும் நீங்கள் கேட்பதும் ஒரே கேள்விதான். உன் இடம் எது என்பதை நான் சொல்கிறேன் என்பதுதான் அது.

கவிதையிலும் இதே கதைதான். "வலியைப் பத்தி ஒண்ணு குடுங்க" என்கிறார்கள். மழையைப் பற்றி எழுதிக் கொடுத்தால் திரும்பி வந்துவிடுகிறது. ரணத்தைக் காட்டினால்தான் நாம் கலைஞர்களா?

பறையை நான் தாழ்த்தவில்லை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததும் நாம்தான். அதையே விடுதலை மேடையில் ஏற்றி முழக்கியதும் நாம்தான். இரண்டையும் நாமே முடிவு செய்தோம். கலகம் அந்த முடிவில் இருக்கிறது, கருவியில் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். அது எந்தப் போராட்டத்துக்குப் பயன்பட்டது என்று யாராவது கணக்குக் கேட்போமா? 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பர்களிடமிருந்து கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது தோழர்களே. வாக்கரின் இந்த நிதானத்தையும் எடுத்துக்கொள்வோம்.

பறையும் என்னுது, செல்லோவும் என்னுது. இன்னிக்கு எதைக் கேக்கணும்னு நான் சொல்றேன்.