எந்தக் கோவில்ல மொட்டை?

அபர்தீன் பஜாரில் தங்கமணியைப் பார்த்த ஒரு தமிழ் அம்மா, "திருப்பதியா, பழனியா?" என்று கேட்டார். "சமயபுரம்" என்று சிரித்துவிட்டு மீன் விலை விசாரிக்கப் போய்விட்டாள். நான்தான் ஙே என்று விழித்தேன். சுத்தப் பொய். மார்பகப் புற்றுநோய்க்குச் சென்னையில் இரண்டாவது கீமோ முடித்து போர்ட் பிளேர் திரும்பிய வாரம் அது. (2024ல் ஊரை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.)

வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் இந்த மருந்து அடிக்கும். புற்று செல்லும் ஒன்றுதான், மயிர்க்காலும் ஒன்றுதான். எல்லா கீமோவிலும் முடி கொட்டாது. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்செல் என்றால் பெரும்பாலும் முழுசாகப் போய்விடும், முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில். புருவமும் இமையும்கூடப் போகலாம் என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. தலையைக் குளிர்வித்து முடியைக் காக்கும் தொப்பி இருக்கிறதாம். எல்லோருக்கும் பலிக்காது, எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

கொத்துக்கொத்தாய் வந்ததும் அவளே மழித்துக்கொண்டாள். நான் உடனே ஒரு விக் வாங்கினேன். திருமலைக் காணிக்கை முடி ஏலத்தில் போய் விக்காவது தெரியுமல்லவா? "யாரோட வேண்டுதலோ என் தலையில" என்றாள். இரண்டு பருவமழையும் கொட்டும் தீவு இது, மற்ற நாளில் புழுக்கம். அரிப்பு தாங்காமல் மூன்றாம் நாள் பீரோவில் வைத்துவிட்டு, பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டாள். வெளியே போகும்போதாவது போடேன் என்று பத்து நாள் நச்சரித்தேன். அவளுக்காக என்றுதான் நினைத்தேன். ஆபீஸ்காரர்கள் எதிரில் வந்தால் கூசியது எனக்குத்தான்.

மாமியார் கதை வேறு. கணவனை இழந்ததற்காகத் தலை மழிக்கப்பட்ட பாட்டியோடு வளர்ந்தவர் அவர். மகளைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். "முடிதானே, வளரும்" என்று சமாதானம் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வளரும்தான், கீமோ முடிந்து சில மாதங்களில். அதற்காக, இழந்தவளிடம் அன்றைக்கே அதைச் சொல்ல வேண்டுமா?

விக் வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போடட்டும், சமயபுரம் என்பவர்கள் அப்படியே சொல்லட்டும். ஆனால் அதை வீட்டு ஆண்கள் முடிவு செய்யக் கூடாது. எதிர்ப்படுபவர்களும் கோவில் பெயரோடு விட்டுவிடலாம், "அப்புறம் என்ன உடம்புக்கு?" என்று தோண்ட வேண்டாம்.

கடைசி கீமோ முடிந்து நாலாவது மாசம் முடி வந்தது, சுருட்டையாக! விக் புதுசு போல பீரோவில் இருக்கிறது. வேண்டுபவர்கள் சொல்லலாம். "புருஷன் கேட்டா குடுக்காதீங்க, அவங்களே கேக்கட்டும்" என்று சமையலறையிலிருந்து உத்தரவு.