கைக்குக் கிடைத்த டிஸ்க்கை எல்லாம் ஒரே பூலில் போடாதீங்க

தோட்டத்துப் பழைய காகிதங்களை ஸ்கேன் பண்ணிச் சேர்த்து வைக்கணும் என்று அப்புத்தளை, பதுளைப் பக்கம் நம்மில் பலருக்கு ஆசை. நியாயமான ஆசைதான். 1948 குடியுரிமைச் சட்டம் நம்ம ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் எண்ணிப் பிரித்தன. அந்த வரலாற்றுக்குச் சாட்சி, வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் காகிதங்கள்தான்.

ஸ்கேன் பண்ணியதை எங்கே வைப்பது? காசில்லாத குழு என்ன செய்யும்? ஆளுக்கொரு பழைய ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும். இசட்எஃப்எஸ் போன்ற இலவச மென்பொருளில் அது சுலபம். பல டிஸ்க்குகள் ஒரே பெரிய இடமாக, ஒரு ‘பூலாக’த் தெரியும். என் கருத்து: அந்தச் சுலபத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

பூல் என்பது டிஸ்க் தொகுதிகளால் ஆனது. நான்கு 4 டெராபைட் டிஸ்க்கை ‘ரெய்ட்-இசட் 1’ தொகுதியாகப் போட்டால், ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கும். ஆறு மாதத்தில் இடம் போதவில்லை. யாரோ தந்த 2 டெராபைட் டிஸ்க் ஒன்றைத் தனியாக அதே பூலில் சேர்க்கிறீர்கள். இனி புதுக் கோப்புகள் இரண்டு பக்கமும் சிதறி எழுதப்படும். அந்த ஒற்றை டிஸ்க் செத்தால் 2 டெராபைட் மட்டும் போகாது, முழுப் பூலும் போய்விடும். நான்கு டிஸ்க்கின் பாதுகாப்பு அதோடு வீண்.

இப்படிச் சேர்க்கும்போது இசட்எஃப்எஸ் சும்மா இருக்காது, பொருந்தவில்லை என்று தடுக்கும். அதை மீறக் கட்டளையில் ‘-எஃப்’ போடவேணும். அதைப் போடாதீங்க. ரெய்ட்-இசட் உள்ள பூலில் சேர்த்த தொகுதியைப் பிறகு கழற்றவும் முடியாது. எல்லாவற்றையும் வேறெங்கோ நகலெடுத்து, பூலை அழித்துப் புதிதாகத்தான் கட்டவேணும்.

‘அப்போ பழைய டிஸ்க்கை வீசவா?’ வேண்டாம். ஒரே அளவில் இரண்டு இருந்தால் மிரர் ஆக்கி, தனிப் பூலாக வையுங்க. அளவு வேறென்றால் சின்னதன் அளவுதான் கிடைக்கும், பரவாயில்லை. ஒற்றை டிஸ்க்கில் இரண்டாவது நகல் எடுத்து, அதை வேறு ஊரில் வையுங்க. அப்புத்தளையில் ஒன்று, பண்டாரவளையில் ஒன்று.

வேறு ஊர் என்பது சும்மா சொல்வதல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. ஒரே அறையில் எத்தனை மிரர் இருந்தும் மண்சரிவுக்கு அது ஒரு பெட்டிதான்.

2022 நெருக்கடிக்குப் பிறகு புது டிஸ்க் வாங்குவது கஷ்டம், தெரியும். ஆனால் இடம் குறைவென்றால் குறைவாக ஸ்கேன் பண்ணலாம். ஊர்ச்சனம் நம்பிக் கொடுத்ததை ஒரே இரவில் தொலைத்துவிட்டு, அவங்க முகத்தில் எப்படி முழிப்பது?