சீட்டுக்குப் போராடினோம், தூக்கத்துக்கு?

1946இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்த வேலை நேரம் 48 ஆகக் குறைந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து அதற்காக உழைத்தவர் அண்ணல் அம்பேத்கர். 2024இல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, முதுநிலை மருத்துவ மாணவர்களின் மனநலத்தைக் காக்க ஒரு பரிந்துரை செய்தது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள் என்றது. 78 வருடங்கள் கழித்து, 26 மணி நேரம் கூடுதல். இதுதான் சீர்திருத்தமாம்.

இதில் கொடுமை என்னவென்றால், பலருக்கு அந்த 74கூடச் சலுகைதான்.

அரசு மருத்துவமனைகளில் வேலை செய்யும், 30க்கும் 45க்கும் இடைப்பட்ட வயதுள்ள குழந்தை மருத்துவர்களின் பணி வாழ்க்கையை முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துவருகிறேன். நான் மேல்மலையனூர்க்காரன். எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் அறிவது அமாவாசை இரவில் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டத்தால். பக்கத்தில் இருக்கும் செஞ்சியின் பெயர் 2025 ஜூலையில் அதன் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது செய்தியானது. இந்த இரண்டு பெருமைகளுக்கு நடுவே, ராத்திரி பத்து மணிக்கு ஒரு கைக்குழந்தைக்கு மூச்சு இழுத்தால் என்ன ஆகும் என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். செஞ்சிக்கு ஓட வேண்டும். அங்கே முடியாதென்றால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி அல்லது திருவண்ணாமலை. அதற்கும் மேல் ஜிப்மர் அல்லது எழும்பூர். 108 வண்டி ஒவ்வொரு ஊராக அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழந்தை மருத்துவர் நிற்க வேண்டும். அவர் தூங்கி எத்தனை மணி நேரம் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சாதி ஒழிப்பு இயக்கமும் கேட்டதில்லை என்பதுதான் என் புகார்.

எரிந்து தீர்வதற்கும் சாதி உண்டு

'பர்ன் அவுட்' என்ற சொல்லை 1970களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்து அளந்தார். மனம் வற்றிப்போவது, எதிரே இருக்கும் மனிதரை ஒரு பொருளாகப் பார்க்கத் தொடங்குவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தனிமனித நோயாக வகைப்படுத்தவில்லை, வேலையிடத்தில் உருவாகும் நிலை என்றே சொன்னது. ஆனால் நம் மருத்துவமனைகளில் இதற்குத் தரப்படும் மருந்து ஒரு மணி நேர யோகா வகுப்பு. மூச்சை உள்ளே இழுங்கள், வெளியே விடுங்கள். காலியான பணியிடத்தை எந்த மூச்சுப் பயிற்சியும் நிரப்பாது.

குழந்தைகள் வார்டு மற்ற வார்டுகளைப் போன்றதல்ல. நோயாளிக்குப் பேச வராது. மருந்தின் அளவு கிலோவுக்குக் கிலோ மாறும். ஒன்றரைக் கிலோகூட இல்லாத பச்சிளங்குழந்தைக்கு நரம்பு தேடி ஊசி ஏற்ற வேண்டும். தசமப் புள்ளி ஒன்று இடம் மாறினால் உயிர் போகும். இறந்த குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, பத்து நிமிடத்தில் அடுத்த தொட்டிலுக்குப் போக வேண்டும். இவ்வளவையும் 24 மணி நேர டூட்டியின் 22ஆவது மணியில் செய்ய வேண்டும். டூட்டி முடிந்தால் வீடு இல்லை. காலை ரவுண்ட்ஸ், பிறகு ஓபி.

மாஸ்லாக் சொன்ன மூன்றாவது கூறுக்கு வருகிறேன். நான் லாயக்கில்லை என்ற எண்ணம் மற்றவர்களுக்கு வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து வரலாம். ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த முதல் தலைமுறை மருத்துவருக்கு அது சேரும் நாளன்றே ஊட்டப்படுகிறது. "ரேங்க் எவ்வளவு?" என்பதுதான் மருத்துவக் கல்லூரிகளில் சாதியைக் கேட்கும் நாகரிகமான முறை. வடமாவட்டம் ஒன்றில் வேலை செய்யும் பட்டியல் சாதி மருத்துவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அவங்க டயர்டா இருந்தா ஓவர்வொர்க். நான் டயர்டா இருந்தா கோட்டா." இதைவிடத் துல்லியமாக என் ஆய்வேட்டில் நான் எழுதிவிட முடியாது. அதனால்தான் நம்மவர்கள் சோர்வை வெளியே சொல்வதில்லை. இரண்டு பேர் டூட்டியைச் சேர்த்துப் பார்ப்பார்கள். லீவு கேட்க மாட்டார்கள். விழுந்துவிட்டால் தகுதி இல்லை என்று சொல்லக் காத்திருக்கும் கண்களுக்கு முன்னால் அவர்கள் நின்றுகொண்டே எரிகிறார்கள்.

பாயல் தட்வியை நினைத்துக்கொள்ளுங்கள். மும்பை நாயர் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவ முதுநிலை மாணவி, பழங்குடி, வயது 26. 2019 மே 22 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லி வதைத்ததாக மூன்று மூத்த மருத்துவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் அதை ராகிங் என்று புரிந்துகொண்டார்கள். மருத்துவமனையின் வேலைப் பங்கீடே சாதி செயல்படும் இடம். யாருக்கு அறுவை அரங்கு, யாருக்கு எழுத்து வேலை, யாருக்கு ஞாயிறு ராத்திரி என்பதை முடிவு செய்யும் டூட்டி பட்டியலை ஒருவர் கையால் எழுதுகிறார். அந்தக் கைக்கும் சாதி உண்டு.

எரிந்த பிறகு போக்கிடமும் சமமாக இல்லை. அப்பா நடத்தும் நர்சிங் ஹோம் உள்ளவர் அரசு வேலையை விட்டுப் போகலாம். மாமனார் கட்டிக்கொடுத்த கிளினிக் உள்ளவர் போகலாம். கல்விக்கடன், தங்கையின் கல்யாணம், ஊரில் பாதியில் நிற்கும் வீடு, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வரும் போன் என எல்லாவற்றையும் சுமப்பவர் எங்கே போவார்? பகலில் அரசு மருத்துவமனை, மாலையில் வாடகைக் கடையில் கிளினிக் என்று இரண்டு வேலை பார்ப்பார். பெண் மருத்துவரென்றால் வீட்டு வேலை மூன்றாவது. குழந்தை மருத்துவம் பெண்களுக்குப் பொருத்தமான துறை என்று சொல்லி அனுப்பியவர்கள்தான், அவர் சொந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்றும் அவரிடமே கேட்கிறார்கள்.

பழி மட்டும் தனியாருக்குப் போகாது

மருத்துவர்கள் கேட்காமலும் இல்லை. 2019 அக்டோபர் 25 முதல் ஒரு வாரம் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காலமுறைப் பதவி உயர்வுக்கேற்ற ஊதியத்தோடு, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடங்கள் வேண்டும் என்பதும், முதுநிலைப் படிப்பில் அரசு மருத்துவர்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகள். கிடைத்தது குற்றக் குறிப்பாணையும் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இடமாற்றமும். அந்த இடமாற்றங்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 2020இல் ரத்து செய்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய மருத்துவர் லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரியில் இறந்துபோனார். அரசுப் பணியில் உள்ளவர்களுக்கு மாநிலங்கள் ஒதுக்கீடு தரலாம் என்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒருவர் குழந்தை மருத்துவராக மேலே வரும் பாதை அந்த ஒதுக்கீடுதான். அந்தப் பாதையில் வந்தவரை 36 மணி நேர டூட்டியில் உடைத்துவிட்டால், ஒதுக்கீட்டைத் தந்த கையே அதைத் திரும்பப் பிடுங்குகிறது என்று பொருள்.

அமைப்பு தோற்கும்போது கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பதும் வார்டில் நின்றவர்தான். 2017 ஆகஸ்ட்டில் கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரியில் சில நாட்களுக்குள் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஆக்சிஜன் வழங்கிய நிறுவனத்துக்குப் பாக்கி வைத்ததால் விநியோகம் தடைப்பட்டிருந்தது. இறப்புகளுக்கு அது காரணமில்லை என்றது உத்தரப்பிரதேச அரசு. ஆனால் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் குழந்தை மருத்துவர் கஃபீல் கான். துறை விசாரணையில் மருத்துவ அலட்சியக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. இருந்தும் 2021இல் அவரை வேலையை விட்டே நீக்கினார்கள். பாக்கி வைத்தது ஒரு அலுவலகம், பழி ஒரு முஸ்லிம் மருத்துவர் தலையில்.

தமிழ்நாடு உத்தரப்பிரதேசம் அல்ல என்பது உண்மை. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்கு சிசு இறப்பு இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இந்தப் பெருமையை மேடைதோறும் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அந்த 13க்கு விலையாகப் போனது யாருடைய தூக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் சிசு இறந்தால் தணிக்கை நடக்கிறது. அதுவும் வேண்டும், ஏனென்றால் இறப்பது நம் குழந்தைகள். செங்கல் சூளையிலிருந்து தூக்கிவரப்படும் இருளர் குழந்தை, எடை குறைவாகப் பிறந்த சேரிக் குழந்தை. ஆனால் அந்தத் தணிக்கைக் கூட்டத்தில் நிரப்பப்படாத பணியிடம் எழுந்து நின்று பதில் சொல்வதில்லை. மருத்துவர் மட்டும்தான் நிற்கிறார். வார்டில் கோபத்தில் கத்தும் தகப்பனும், கத்தலைக் கேட்டுக்கொண்டு நிற்கும் மருத்துவரும் பல நேரம் ஒரே வட்டாரத்துக்காரர்கள், ஒரே மாதிரித் தெருவிலிருந்து வந்தவர்கள். இவர்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு, ஆள் எடுக்க மறுத்தவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள்.

"மருத்துவர்கள் வசதியானவர்கள்தானே?"

இந்தக் கேள்வி நம் தோழர்களிடமிருந்தே வரும். வார்டைக் கூட்டும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் சம்பளம் என்ன, 2015இல் மாதம் 7,700 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட ஒப்பந்த செவிலியர்களின் நிலை என்ன என்பார்கள். நியாயமான கேள்வி. மருத்துவர் சங்கங்கள் தங்கள் வார்டின் தூய்மைப் பணியாளருக்காக வீதிக்கு வருவது அரிது, அதற்காக அவர்களைக் கண்டிக்கவும் வேண்டும். ஆனால் வார்டு ஒன்றுதான். ஒரு செவிலியர் மூன்று பேர் வேலையைப் பார்க்கும் வார்டில்தான் மருத்துவரும் தூங்காமல் நிற்கிறார். ஆள் குறைப்பு என்ற ஒரே முடிவு ஒவ்வொரு படியிலும் இறங்குகிறது. கீழே போகப் போகக் கூடுதலாக நசுக்குகிறது. நாம் கேட்க வேண்டிய 48 மணி நேரம் தூய்மைப் பணியாளரில் தொடங்கி மருத்துவர் வரைக்குமானது.

இதை நாம் கேட்காவிட்டால் வேறொருவர் கேட்பார், வேறு விதமாகக் கேட்பார். 2006இல் எய்ம்ஸ் மருத்துவர்கள் இட ஒதுக்கீட்டுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ததை மறந்துவிடக் கூடாது. அதே எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டுக்கு ஆளாவதை 2007இல் தோரட் குழு பதிவு செய்தது. அந்தக் கூட்டத்தின் கையில் 'பர்ன் அவுட்' என்ற சொல்லை விட்டுவிட்டால், திறமையற்றவர்களின் சுமையைத் திறமைசாலிகள் சுமப்பதால் வந்த சோர்வு என்று கதை கட்டுவார்கள்.

அனிதாவுக்காக 2017இல் வீதிக்கு வந்தோம். நீட்டுக்கு எதிராக இன்றும் நிற்கிறோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு கிடைத்ததைக் கொண்டாடினோம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது கொதித்தோம். மே நாளன்று அதைத் திரும்பப் பெற வைத்தோம். இந்த இரண்டு போராட்டங்களும் சந்திக்க வேண்டிய இடம் மருத்துவமனை வார்டு. அங்கே மட்டும் நாம் வாசலோடு நின்றுவிட்டோம்.

1992 ஜூனிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. ரெசிடென்ட் மருத்துவர்களுக்குச் சாதாரணமாக வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பணியின் தேவைக்கேற்பத் தளர்த்தலாம் என்றும் அதில் ஒரு வழி வைத்தார்கள். அந்த வழியாகத்தான் 30 வருடங்களாக எல்லாம் நடக்கிறது. எனவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். தளர்வு இல்லாத 48 மணி நேரம், முதுநிலை மாணவருக்கும் பணியில் உள்ளவருக்கும் சேர்த்து. புதிய கட்டடம் திறக்கும் நாளன்றே அதற்கான புதிய பணியிடங்கள். டூட்டி பட்டியல் அறிவிப்புப் பலகையில் எல்லோர் பார்வைக்கும். ஒவ்வொரு சிசு மரணத் தணிக்கையிலும் இரண்டு கேள்விகள் கட்டாயம்: பணியில் இருந்தவர் தொடர்ந்து எத்தனை மணி நேரமாக வேலை செய்துகொண்டிருந்தார், அந்த வார்டில் எத்தனை பணியிடங்கள் காலி. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் சாதிப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க, பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்கள் இருக்கும், தண்டனை அதிகாரம் உள்ள குழு.

இதற்கெல்லாம் பணம் ஏது என்பார்கள். தொழிற்சாலை முதலாளிகளும் 1946இல் இதையேதான் கேட்டிருப்பார்கள். அடுத்த நீட் எதிர்ப்புக் கூட்டத்துக்கு உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் குழந்தை மருத்துவரையும், அவர் வார்டின் செவிலியரையும், தூய்மைப் பணியாளரையும் அழையுங்கள். டூட்டி இருக்கிறது, வர முடியாது என்பார்கள். அப்படியானால் கூட்டத்தை மருத்துவமனை வாசலில் போடுங்கள்.