முந்தலில் நாங்கள் செய்யாமல் விட்டது

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவுச் சனம் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கியது. வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 பேரில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு என்று நான்கு பிரதேசங்களிலும் முகாம்கள் எழும்பின.

அந்த முதல் வாரங்களைப் பற்றி இங்குள்ள ஊரவர்களான நாங்கள் இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறோம். பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் இடம் விட்டோம், சோறாக்கிக் கொடுத்தோம், தென்னந்தோட்டத்தில் கொட்டில் போட விட்டோம், கிடுகும் கொடுத்தோம். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெருமையைக் காட்டியே அடுத்து வந்த வருடங்களை மறைத்துவிட்டோம்.

கிடுகு இரண்டு மாரிக்கு மேல் தாங்காது. பதினைந்து வருடம் கழிந்த பிறகும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தக் கொட்டில்களில்தான் இருந்தன. கல்யாணம், பிள்ளைப்பேறு, மௌத்து எல்லாம் அதற்குள்ளேயே நடந்தன. கொழும்பு வீதியால் போகையில் பார்த்துக்கொண்டே போனோம். கோவில் திருவிழாவுக்கும் மீன்பிடிச் சங்கத்துக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் கூட்டம் போடத் தெரிந்த நாங்கள், இந்தச் சனத்தையும் இருத்தி, காணி எங்கே, கிணறு எங்கே, மலசலகூடம் எங்கே, மையவாடி எங்கே என்று ஊராகக் கதைத்து முடிவெடுக்கவில்லை. அது அரசாங்கத்தின் வேலை, தொண்டு நிறுவனங்களின் வேலை என்று விட்டுவிட்டோம்.

அதைவிடக் கேவலமானதும் உண்டு. வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் குறைந்த கூலிக்கு அவர்களிடம் வேலை வாங்கியவர்கள் எங்களுக்குள்தான் இருந்தார்கள். கூலி விழுந்துவிட்டது என்று அவர்களையே ஏசியவர்களும் நாங்கள்தான். அவர்களின் பிள்ளைகள் படித்து முன்னுக்கு வந்தபோது, பல்கலைக்கழக அனுமதியில் எங்கள் மாவட்ட இடங்கள் போகின்றன என்றோம். இங்கேயே பிறந்த பிள்ளையையும் அகதி என்றே கூப்பிட்டோம்.

2007இல் உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் நிதியில் புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. அது நல்ல திட்டம். சனம் தாங்களே வீட்டைக் கட்டலாம். சுவர் உயர உயரக் காசு தவணையாக வரும். இங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனால் வீடு கட்டக் காணி வேண்டும், காணிக்கு உறுதி வேண்டும். கூலிக்காசைச் சேர்த்தும் நகையை விற்றும் துண்டுக்காணி வாங்கியவர்கள் கல்வீட்டுக்குப் போனார்கள். எதுவும் வாங்க முடியாமல் போன விதவைக்கு எந்த வழியும் இல்லை. காணியுள்ள ஊரவர்கள் நாங்கள். அந்த இடத்தில்தான் நாங்கள் முன்வந்திருக்க வேண்டும். வீடிழந்தவர்களின் மீள்குடியேற்றத்தைத் திட்டமிடும்போது அவர்களுக்கே அதில் முழுப் பங்கு வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் வழிகாட்டிக் கோட்பாடுகள் 1998இலேயே சொல்லிவிட்டன. அதைச் செய்ய உலக வங்கியின் காசு தேவைப்படவில்லை. முந்தலில் ஒரு கூட்டம் போதும்.

எங்களில் தமிழர்களுக்கு இன்னுமொரு கடன் இருக்கிறது. அந்த வெளியேற்றம் எங்கள் விடுதலையின் பெயரால் நடந்தது. 2002 ஏப்ரலில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது, இனித் திரும்பிப் போவார்கள், எங்கள் பொறுப்பு முடிந்தது என்று நினைத்தோம். 2009இல் போர் முடிந்த பிறகும் அதையே நினைத்தோம். அங்கே அவர்களின் காணிகளில் காடு மண்டியிருந்தது, வீடுகள் இடிந்து கிடந்தன. இங்கேயோ ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2019 நவம்பர் 16ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல் நாளில், புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போனவர்களின் பஸ்கள் தந்திரிமலைப் பக்கத்தில் சுடப்பட்டன. 29 வருடம் எங்களோடு இருந்தவர்கள், வாக்குப் போட இன்னொரு மாவட்டத்துக்கு விடியுமுன் பயணப்பட வேண்டியிருந்தது. அது எங்களுக்கு வெட்கம்.

இனியாவது, காணியில்லாதவர்கள், ஒரு கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பமாக நெருங்கியிருப்பவர்கள், தனித்துப்போன முதியவர்கள், கணவனை இழந்தவர்கள் ஆகியோரின் பட்டியலைக் கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக, அவர்களோடு சேர்ந்தே எழுதுவோம். பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் சேர்ந்து அதைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோகட்டும். சும்மா கிடக்கும் காணியுள்ளவர்கள் முதலில் எழுந்து பேசட்டும். கூட்டத்தைக் கூட்டுங்கள், தலைமைக் கதிரையை முகாமில் பிள்ளை வளர்த்த ஒரு தாய்க்குக் கொடுங்கள்.