பாட்டும் பந்தயமும்

கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம், 2012ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் சியோல் நகரில் தனது முதல் தொலைக்காட்சிப் பாடல் விழாவை நடத்திற்று. 11 நாட்டுக் கலைஞர்கள் ஒரே மேடையில் பாடினர். நடுவர் இல்லை, புள்ளி இல்லை, வென்றார் தோற்றார் என்னும் பிரிவும் இல்லை. பின்னர் ஹனோய், மக்காவ், இஸ்தான்புல், பாலி, செங்டு, அஷ்காபாத், தோக்கியோ என விழா ஆண்டுதோறும் ஊர்மாறிச் சென்றது.

இதனை உப்பில்லாப் பண்டம் என்று எள்ளுவார் உளர். பரிசில்லாத மேடையில் எவன் உயிரைக் கொடுத்துப் பாடுவான் என்பது அவர்தம் வினா. சான்றாக அவர்கள் சுட்டுவது ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களின் பாட்டுப் போட்டி. கோடிக்கணக்கானோர் அதனை விழித்திருந்து காண்கின்றனர் என்பது மெய்யே. ஆனால் அவர்கள் காண்பது பாட்டையா, பந்தயத்தையா?

அப்போட்டியின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நன்று. 1956இல் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் அது தொடங்கிற்று. லக்சம்பர்க் நடுவர்களை அனுப்ப இயலாமற்போக, அவர்களின் வாக்கையும் சுவிட்சர்லாந்து நடுவர்களே அளித்தனர். வென்றதும் சுவிட்சர்லாந்தே! வாக்குக் கணக்கு இன்றுவரை வெளிவரவில்லை. 1969இல் மாட்ரிட் நகரில் நடந்ததோ நகைப்புக்குரியது. ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு ஆகிய நான்கும் 18 வாக்குகள் வீதம் பெற்றுச் சமநிலையில் நின்றன. அதனைத் தீர்க்க விதியொன்று இல்லாமையால் நான்கும் வென்றதாக அறிவிக்கப்பட்டன. மறு ஆண்டு நார்வே, சுவீடன், பின்லாந்து, போர்த்துகல் ஆகியவை மேடையேற மறுத்துவிட்டன. பாட்டை நிறுக்கப் புகுந்த துலாக்கோல் அன்றே முறிந்தது. ஆயினும் அதனை இன்றும் தூக்கிப் பிடிக்கின்றனர்.

மொழிக்கு நேர்ந்த கேடு இதனினும் பெரிது. நாட்டு மொழியிலேயே பாடவேண்டும் என்னும் விதி 1966இல் வந்தது, 1973இல் நீக்கப்பட்டது, 1977இல் மீண்டது, 1999இல் முற்றாக ஒழிந்தது. இடைப்பட்ட 1974இல் சுவீடன் குழுவினர் ஆங்கிலத்தில் பாடி வென்றனர். 1999க்குப் பின் வென்ற பாடல்களுட் பெரும்பாலானவை ஆங்கிலமே. 2017இல் போர்த்துகல் தன் மொழியிலேயே வென்றதே என்பர். அது விலக்கு, விலக்கினைக் காட்டி விதியை மறைத்தல் ஆகாது. வெற்றியே குறியாகும்போது தாய்மொழி சுமையாகிறது; சுமையை இறக்கிவைப்பதே திறமை என்றாகிறது. தமிழாசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் மரபிலும் போட்டி உண்டே என்று சிலர் இலக்கியத்தைத் துணைக்கழைப்பர். மாதவி ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறவில்லையா என்பர். பெற்றாள். ஆனால் அரங்கேற்று காதையை ஊன்றிக் கற்பார்க்கு ஒன்று விளங்கும். அன்று அவளோடு மோத வேறொரு நாடகமகள் அரங்கில் நிறுத்தப்படவில்லை. கலையின் இலக்கணமே அளவுகோல். அதனை அவள் நிறைவு செய்தாள். சோழன் சிறப்புச் செய்தான். எவரும் அழுதுகொண்டு வீடு திரும்பவில்லை. இனி, திருவிளையாடற் புராணத்து ஏமநாதன் கதையை எடுத்தாலோ, அது இவர்களுக்கே எதிராக முடிகிறது. இசைவாது செய்ய வந்தவன் வாது தொடங்குமுன்னே இரவோடிரவாக மதுரையைவிட்டு ஓடினான். விறகு விற்பவராய் வந்து பாடியவரோ யாரோடும் போட்டிக்கு நிற்கவில்லை. திண்ணையில் அமர்ந்து பாடினார், அவ்வளவே.

சியோல் விழாவில் குறையே இல்லையென்று எவரும் சாதிக்க வேண்டா. ஒரே ஒலிபரப்பு நிலையம் பல மொழிகளில் நாள்தோறும் ஒலிக்கும் நாடுகள் இவ்வட்டாரத்தில் உள. மலேசியாவும் சிங்கப்பூரும் அத்தகையன. தமிழ் ஒலிபரப்பு இரண்டிலும் உண்டு. நாட்டுக்கு ஒரு பாடல் என்று வரையறுத்தால், சிறுபான்மை மொழி எப்போதும் வாயிலிலேயே காத்துக் கிடக்கும். பரிசில்லாத மேடைக்கு இவ்வரையறை எதற்கு? புள்ளி கணக்கிடுவோர்க்கன்றோ எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும்! மலேசியப் பாடலுக்குப்பின் மலேசியத் தமிழ்ப் பாடலும் ஒலித்தால் யாருக்கு என்ன இழப்பு? இதனை உரியவர்களிடம் கேட்கவேண்டியது தமிழ் அமைப்புகளின் கடமை.

கேட்குமுன் தமிழ்ப்பள்ளி மண்டபத்தையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். பாட்டுப் போட்டிக்கென ஒரே பாடலை மூன்று திங்கள் உருப்போடும் மாணவி, கிண்ணம் பெற்ற மறுநாள் அதனை மறந்துவிடுகிறாள். முதற்சுற்றில் கழிக்கப்பட்ட சிறுவனோ, தனக்குக் குரலில்லை என்று எட்டு வயதிலேயே முடிவு கட்டிக்கொண்டு, பின் வகுப்பில் செய்யுளை இசையோடு படிக்கச் சொன்னாலும் வாய் திறப்பதில்லை. மேடையேறும் ஐவருக்காக ஐம்பதின்மர் ஊமையாக்கப்படுகின்றனர். ஆண்டுக்கு ஒருநாள், நடுவர் மேசையை அகற்றிவிட்டு, முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஒவ்வொரு வகுப்பும் முழுமையாக வந்து தமிழில் பாடட்டும். பெற்றோர் அமர்ந்து கேட்கட்டும். கிண்ணங்கள் அன்றைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும்.