எழுத்து இருக்கிறது, படிக்க வழியில்லை

தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டுகளில் எழுதப்பட்ட கதைகளும் விவாதங்களும் பல இன்று வாசிக்கக் கிடைப்பதில்லை. அவற்றை எவரும் தடைசெய்யவில்லை, கரையானும் அரிக்கவில்லை. அவற்றைத் தாங்கி நின்ற மென்பொருள்கள் கைவிடப்பட்டன, அவ்வளவே.

இயங்கு எழுத்துரு என்றொரு ஏற்பாடு நண்பர்கள் சிலருக்கேனும் நினைவிருக்கலாம். வாசகரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கத்தோடு சேர்ந்து அதுவும் இறங்கிவிடும். திஸ்கி, தாப், தாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்த காலத்தில் அது வரமாகவே தோன்றியது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தந்த இயங்கு எழுத்துரு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்தது. எந்தத் தளத்துக்கென உருவாக்கப்பட்டதோ அந்த முகவரியோடு பிணைக்கப்பட்டும் இருந்தது; தளம் இடம் மாறினால் எழுத்துச் சிதறும். 2022 ஜூனில் அந்த உலாவிக்கே மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது. அதற்கு முன்பே, 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸையும் 2020 டிசம்பரில் குழுமங்களையும் யாகூ மூடிவிட்டது. வாடகையின்றிக் குடியிருந்தவர்களிடம் வீட்டுக்காரர் காலிசெய்யச் சொன்னால் வழக்காடவா முடியும்?

இவற்றின் நடுவே மதுரைத் திட்டம் மட்டும் எப்படி நிலைத்தது? 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய அந்த முயற்சியில் கண்ணைக் கவரும் மென்பொருள் எதுவும் இருந்ததில்லை. எளிய கோப்புகள், தட்டெழுதவும் மெய்ப்புப் பார்க்கவும் தன்னார்வலர்கள். எளிமையாக இருந்ததால்தான் திஸ்கியில் வெளியிட்ட நூல்களை ஒருங்குறிக்குக் கொண்டுவர முடிந்தது. என் மாணவர்கள் இன்றும் சங்கப் பாடல்களை அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

ஒரு மென்பொருள் பதிப்புக்குத் தொடர்ந்து பழுதுபார்த்துத் தருவதை நீண்டகால ஆதரவு என்கிறார்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில் அந்த நீண்ட காலம் மூன்று ஆண்டுகள்! நம்மவர்க்கு ஓர் ஆய்வுரை எழுதி முடிக்கவே அது போதாது. ஆயினும் 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இன்றும் திறக்கிறதென்றால், ஒவ்வொரு பதிப்பாக மாற்றிக்கொண்டே இருப்பதனால்தான். மாற்ற ஆளில்லாத தளங்களின் கதி வேறு. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி ஏழாம் பதிப்பு தரவுத்தளத்தோடு பேசும் பழைய கட்டளைகளை நீக்கியபோது, அவற்றை நம்பி எழுதப்பட்டுத் திருத்தப்படாத நிரல்கள் புதிய வழங்கிகளில் ஓடவில்லை.

எங்கள் கல்லல் வட்டாரத்தில் கோயில் எடுப்பித்தவர்கள் பன்னிரண்டு ஆண்டுக்கொரு திருப்பணியையும் சேர்த்தே எண்ணினார்கள். நம் இலக்கிய அமைப்புகளோ தளத்துக்குத் திறப்புவிழா எடுப்பதோடு சரி. அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய ஏடுகள், 1992இல் அவர் மறைந்த பின்னும் இருந்த இடத்தில் இருந்தன. பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையில் நூலகமாக்கிற்று. காகிதம் அந்த இடைவெளியைப் பொறுத்தது. ஓராண்டுக் கட்டணம் தவறினால் வலைத்தளம் பொறுக்குமா?

இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் சேமித்து வருகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே பல பழைய பக்கங்களைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ரோமானிய எழுத்துகளும் குறிகளுமே தெரிகின்றன. எந்தக் குறியேற்றம் என்றறிந்து எழுத்துரு மாற்றியில் இட்டால்தான் அவை தமிழாகும்.

இதழ் நடத்தும் நண்பர்கள் தளத்துக்கு விலை பேசும்போதே பராமரிப்புக்கும் பேச வேண்டும். படைப்புகளை ஒருங்குறியில் தனிக் கோப்புகளாகத் திரும்பப் பெறும் உரிமையை எழுதி வாங்க வேண்டும். பழைய கோப்புகளை வைத்திருப்போர் இந்த ஆண்டே மாற்றத் தொடங்கலாம். தாப் எது, திஸ்கி எது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.